பழுது பழையதிலா?

பணிசெயல் முறைமை புதுப்பிக்கப்பட்டதும், அதுவரை செவ்வனே இயங்கிய மென்பொருள் திறக்க மறுப்பதும் இடைநடுவில் நின்றுவிடுவதும் கணனியைக் கையாளும் பலர் அறிந்தவை. அவ்வேளையில் அவர்களுக்குக் கூறப்படும் விளக்கம் ஒன்றே: மென்பொருள் பழையது. இது காரணங் கூறுவதன்று; பழியை இடம்மாற்றுவதாகும். மென்பொருளில் ஓர் எழுத்தேனும் மாறவில்லை. மாறியது அது காலூன்றி நின்ற நிலமே.

பவர்பிசி செயலிக்கென எழுதப்பட்ட மென்பொருள்களை இன்டெல் கணனிகளில் இயக்கிவந்த ரொசெற்றாவை அப்பிள் நிறுவனம் 2011 இல் லயன் முறைமையுடன் நீக்கியது. 2019 இல் வெளியான அதன் கற்றலினா முறைமை 32 பிற்று மென்பொருள்கள் அனைத்தையும் கைவிட்டது. இவை தேய்வினால் நேர்ந்தவையல்ல; தீர்மானங்கள்.

பழைய வழிகளைப் பேணுதல் செலவுமிக்கது, பாதுகாப்புக்கு ஊறானது என்பர் சிலர். பழைய மென்பொருள்களில் வழுக்கள் உள்ளன என்பதும் அவர்தம் வாதம். இவற்றில் உண்மை இல்லாமலில்லை. சிம்சிற்றி என்னும் விளையாட்டு, தான் விடுவித்த நினைவகப் பகுதியையே மீண்டும் வாசித்தது. முன்னைய விண்டோசில் மறைந்திருந்த அவ்வழு விண்டோஸ் 95 இல் வெளிப்பட்டது. ஆயினும் அம்முறைமையை ஆக்கியோர் அவ்விளையாட்டை இனங்கண்டு, அதற்கென நினைவக ஒதுக்கீட்டையே வேறுவகையில் இயங்கச் செய்தனர். 1964 இல் ஐபிஎம் அறிவித்த சிஸ்ரம்/360 க்கென எழுதப்பட்ட பயன்பாட்டு நிரல்கள் பல, அதன் வழிவந்த இன்றைய பெருங்கணனிகளிலும் இயங்கவல்லன. பயனர் நிரலை முறிக்கும் மாற்றம் கருவின் வழுவே என்பது லினக்ஸ் கருவை வழிநடத்தும் லைனஸ் தோவால்ட்ஸ் வலியுறுத்தும் விதியாகும்.

எனவே இயலாமை எனப்படுவது பெரிதும் விருப்பின்மையே. பெருங்கணனி வாங்கும் வங்கிக்குக் கிடைக்கும் உறுதி, தன் தரவுகளைப் பழைய கோப்புகளில் வைத்திருக்கும் ஆய்வாளனுக்குக் கிடைப்பதில்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் புதிய முறைமைக்கு மட்டுமே வழங்கப்படும்பொழுது, பாதுகாப்பா, பல்லாண்டு உழைப்பா என்ற தெரிவுக்கு அவன் தள்ளப்படுகிறான். இதனை முன்னேற்றம் என அழைத்தல் பொருந்தாது.

மாற்றத்தை நிறுத்துமாறு எவருங் கோரவில்லை. நிலத்தை மாற்றுபவரே பாலத்தையும் அமைத்தல் வேண்டும் என்பதே கோரிக்கை. ஓர் ஆதரவை நீக்குவோர் அதற்கீடான போன்மியையேனும், அதனைப் பிறர் ஆக்குதற்கு வேண்டிய முழு விவரணத்தையேனும் வெளியிடுதல் கடன். தம் ஆய்வைத் திறந்த கோப்பு வடிவங்களில் சேமித்தல் பல்கலைக்கழகத்தாரின் கடன். இவ்விரண்டும் நிகழாதவரை, பழையது என்ற சொல் ஒரு தீர்ப்பாகாது. பொறுப்பிலிருந்து நழுவுவோரின் சாட்டாகவே அமையும்.