விதைநெல்லும் பல்வலியும்

பஞ்சகாலத்தில் விதைநெல்லை அவித்துண்ட குடியானவனை ஊர் பழிப்பதில்லை. அவனுடைய பசி எத்தகையது என்பதை ஊர் அறியும். ஆனால், பொதுக் களஞ்சியத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு, "உன் விதைநெல்லை நீயே உண்ண அனுமதி அளித்தோம்" என்று பெருமை பேசும் அதிகாரியை எந்த ஊரும் மன்னிப்பதில்லை. உலகின் செல்வ நாடுகளுள் ஒன்றாகிய அவுஸ்திரேலியாவில் இன்று நடைபெறுவது இத்தகையதொரு காரியமே. அங்குள்ள தொழிலாளி தன் பல்வலியைத் தீர்த்துக்கொள்ளத் தன் முதுமைக்கெனச் சேர்ந்த பணத்தை உடைக்கிறான். அதற்கு அரசு சூட்டியுள்ள பெயர் 'இரக்க அடிப்படையில் விடுவித்தல்'. அந்நாட்டில் உழைத்து வாழும் நம்மவர் பலர். ஆதலின் இது நமக்குப் புறம்பான செய்தியன்று. நம் நாட்டிலும் இதற்கு ஒரு வாயில் திறந்தே இருக்கிறது. அதனை முடிவில் காண்போம்.

முதற்கண், அந்தச் சேமிப்பு எவ்வாறு பிறந்தது என்பதை நினைவு கூர்தல் வேண்டும். 1980களின் நடுப்பகுதியில் அவுஸ்திரேலியத் தொழிற்சங்கங்கள் தமக்குரிய சம்பள உயர்வின் ஒரு பகுதியைக் கைவிட்டு, அதற்கு ஈடாக 3 வீதத்தை இளைப்பாறற் சேமிப்பாகப் பெற இணங்கின. 1992இல் தொழிற்கட்சி அரசாங்கம் இச்சேமிப்பைத் தொழில்தருநரின் சட்டக் கடமையாக்கியது. 2025 யூலை முதல் சம்பளத்தின் 12 வீதத்துக்குச் சமமான தொகை இந்நிதிக்குச் செல்கிறது. பொதுவாக 60 வயதுக்கு முன் அதனைத் தொட இயலாது. ஆகவே, அது எவரோ வழங்கிய கொடையன்று. உழைப்பாளி இன்று வாங்காமல் நாளைக்கு ஒத்திவைத்த கூலி.

இத்துணை இறுக்கமாகப் பூட்டிய பெட்டி பல்லுக்காக ஏன் திறக்கிறது? உயிராபத்தான நோய், தாங்கொணா வலி, தீராத வலி முதலியவற்றுக்கு விதி இடமளிக்கிறது. இரு மருத்துவ அறிக்கைகள் வேண்டும். அவற்றுள் ஒன்று துறைசார் நிபுணருடையதாக இருத்தல் வேண்டும். அச்சிகிச்சை அரசாங்க சேவையில் எளிதிற் கிடைக்கவில்லை என்பதும், செலவைச் செலுத்த வேறு வழியில்லை என்பதும் நிறுவப்படவேண்டும். 2018 முதல் இவ்விண்ணப்பங்களைத் தீர்மானிப்பது வரித் திணைக்களம். அதன் பின்னர் பல் சிகிச்சைக்கென விடுவிக்கப்படும் தொகை பன்மடங்கு பெருகியுள்ளது. மேற்கூறிய விதியைச் சற்று உற்று நோக்குங்கள். ஒவ்வோர் அனுமதியும், "இந்த வலிக்கு எம்மிடம் மருந்தில்லை" என்று அரசே எழுதிக் கொடுக்கும் வாக்குமூலமன்றோ?

மருந்தில்லாமற் போனது விதியின் செயலன்று. 1946இல் அந்நாட்டு மக்கள் பொதுவாக்கெடுப்பின் மூலம் தம் அரசியலமைப்பைத் திருத்தி, மருத்துவ சேவைகளையும் பல் மருத்துவ சேவைகளையும் வழங்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளித்தனர். 'பல்' என்ற சொல் அன்றே சட்டத்தில் ஏறிவிட்டது. ஆயின் 1975இல் 'மெடிபாங்க்' என்னும் பொதுச் சுகாதாரக் காப்பு தோன்றியபோதும், அது சிதைக்கப்பட்டு 1984இல் 'மெடிகெயார்' என்ற பெயரில் மீண்டும் எழுந்தபோதும், வழக்கமான பல் சிகிச்சை வெளியே நிறுத்தப்பட்டது. வறியோர்க்கென 1994இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் பல் சுகாதாரத் திட்டத்தை, புதிதாக வந்த பழைமைவாத அரசாங்கம் 1996இன் முடிவோடு மூடியது. 2014இல் ஒரு திட்டம் வந்தது. அதுவும் குறிப்பிட்ட குடும்பங்களின் சிறுவர்க்கு மட்டுமே. ஏனையோருள் சலுகை அட்டை பெற்றவர்கள் நெடுங்காலம் காத்திருக்கிறார்கள்; அட்டை பெறாதவர்கள் தம் பையைத் தடவுகிறார்கள். கால் முறிந்தால் நாடு தாங்கும். கடைவாய்ப்பல் அழுகினால் அது அவரவர் பாடு. வாய் மட்டும் உடம்பில் சேராத உறுப்பா?

இனி இந்த இரக்கத்தின் கணக்கைப் பார்ப்போம். முப்பது வயதுத் தொழிலாளி ஒருவனுக்குப் பல் செலவு 20,000 டொலர் என்று கொள்வோம். 60 வயதுக்குக் குறைந்தவர் எடுக்கும் தொகையின் வரிக்குரிய பகுதியில் 22 வீதம் வரை வரி கழியும். முழு வரியும் கழிந்தால், 20,000 கையில் வருவதற்கு அவன் ஏறத்தாழ 25,640 டொலரை எடுக்க வேண்டும். விலைவாசி ஏற்றத்தைக் கழித்து ஆண்டுக்கு 4 வீதம் அத்தொகை வளர்ந்திருக்கும் எனக் கொண்டால், முப்பது ஆண்டின் பின் அது சுமார் 83,000 ஆகியிருக்கும். இருபதினாயிரத்துச் சிகிச்சைக்கு எண்பத்து மூவாயிரத்து முதுமை! அந்த 22 வீதத்துள் 2 வீதம் 'மெடிகெயார்' என்ற பெயராலேயே அறவிடப்படுகிறது. எந்தத் திட்டம் அவன் பல்லைப் பார்க்க மறுத்ததோ, அந்தத் திட்டத்துக்கே அவன் தன் பற்காசிலிருந்து மேலும் ஒரு பங்கைச் செலுத்துகிறான். இதனினும் கொடிய நகைச்சுவையை எவர் எழுதவல்லார்?

"அது அவனுடைய பணம், வலிப்பதும் அவனுடைய பல். எடுக்க வேண்டாமென்று சொல்ல நீங்கள் யார்?" என்று கேட்போர் உளர். நியாயமான கேள்வியே. வலியில் துடிப்பவனை நாம் குறை கூறவில்லை. பல் போனால் சொல் போச்சு என்பார்கள். முன்பல் இழந்தவன் வேலை கேட்டுப் போகும்போது சிரிக்கவும் அஞ்சுகிறான். அவன் பெட்டியை உடைத்தது சரியே. ஆனால் இரு வழிகள் உள்ளபோது ஒன்றைத் தேர்வதே சுதந்திரம். ஒரே வழியை விட்டுவைத்து, "நீயே தேர்ந்தாய்" என்பது ஏமாற்று.

மேலும், இந்த இரக்கம் எல்லார்க்கும் ஒரே அளவினதா? நிதியில் பெருந்தொகை வைத்திருப்பவனுக்குப் பெரும்பாலும் இவ்வழி வேண்டுவதில்லை. பிள்ளை வளர்க்க வேலையை இடைநிறுத்திய பெண்ணுக்கும், நிரந்தர வேலை காணாத இளைஞனுக்கும் நிதியில் இருப்பதோ சொற்பம். அவர்கள் எடுத்தால் எஞ்சுவது ஏதுமில்லை. கையிருப்புக்குத் தக்கபடி அளந்து கொடுக்கப்படும் இரக்கம், சந்தையின் மறுபெயரேயன்றி வேறன்று.

சந்தை வாளாவிருக்குமா? கட்டணம் பெற்று விண்ணப்பம் நிரப்பித் தரும் இடைத்தரகர்கள் தோன்றிவிட்டார்கள். சேமிப்பு இருக்கிறது என்பதாலேயே விலையுயர்ந்த சிகிச்சையைப் பரிந்துரைக்கும் ஆபத்தும் பிறந்துவிட்டது. இதைக் கண்டு கதவை இறுக்க வேண்டும் என்கின்றனர் சிலர். தரகரை அடக்குவது தேவைதான். ஆனால் கதவை மட்டும் அடைத்தால் வலி அடங்காது. வட்டிக்கடைக்காரனின் வாசல் நிறையும். பல் சிகிச்சையைப் பொதுச் சுகாதாரத்தினுள் கொண்டுவருவதே முறை. அன்று இந்தக் கதவைத் தட்ட ஆளிராது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஊழியர் சேமலாப நிதி 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் எழுந்தது. இன்று தொழிலாளி 8 வீதமும் தொழில்தருநர் 12 வீதமும் செலுத்துகின்றனர். 2012ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், வீட்டுக்காகவும் மருத்துவத்துக்காகவும் 30 வீதம் வரை இளைப்பாறுமுன் எடுக்க வழி திறந்தது. 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின்போது வங்கிகள் வைத்திருந்த திறைசேரி முறிகள் தப்பின. சுமை சேமலாப நிதியின் தலையில் இறங்கியது. ஒரு புறம் அரசின் கடன், மறுபுறம் அரசு தாங்க மறுக்கும் நோய்: இரண்டும் கை வைப்பது தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் தேய்ந்த கைகளின் முதுமையில்தான்.

எனினும் அவுஸ்திரேலியனிடம் இல்லாத ஒன்று நம்மிடம் உண்டு. அரசாங்க வைத்தியசாலையில் பல் வைத்தியம் கட்டணமின்றிக் கிடைக்கிறது. 1950களில் நியூசிலாந்தின் உதவியோடு மகரகமவில் பாடசாலைப் பற்சிகிச்சையாளர்க்குப் பயிற்சி தொடங்கியதன் பயனாக, பாடசாலைப் பிள்ளைகளின் பற்களைக் காக்கும் சேவையும் வளர்ந்தது. வைத்தியர் நாட்டைவிட்டுப் போவதும், மருந்துக்குத் தட்டுப்பாடு நேர்வதும், வரிசை நீள்வதும் அச்சேவையைச் சிறிது சிறிதாக அரிக்கின்றன. சேவையை மூடுவதாக எவரும் அறிவிக்க மாட்டார்கள். அது தானே தேய விடப்படும். பின்னர் ஒருநாள், "உங்கள் சேமலாப நிதி இருக்கிறதே" என்று இரக்கத்தோடு சொல்வார்கள்.

ஆசிரியத் தோழர்களே, மாணவ நண்பர்களே! உங்கள் பாடசாலையில் பற்சிகிச்சை நிலையம் இயங்குகிறதா, அங்கு ஆளும் மருந்தும் உள்ளனவா என்று கேளுங்கள். இல்லையெனில் பெற்றோரைக் கூட்டிக் கேளுங்கள். தொழிற்சங்க மேடையில் சம்பளத்தோடு சேர்த்து இதையும் கேளுங்கள். களஞ்சியம் மக்களுடையது. அது திறந்திருக்கும்வரை எவனும் தன் விதைநெல்லை அவிக்க வேண்டியதில்லை.