சிவப்புத் துளைப்பானை ஒழிக்கக் கூட்டு முயற்சியே வழி

காப்பிச் செடியில் ஒரு கிளை மட்டும் வாடித் தொங்குமாயின், அதனை வறட்சியின் குற்றமென்றோ உரக்குறைவென்றோ எண்ணி நம்மில் பலர் வாளாவிருந்து விடுகின்றனர். அக்கிளையின் கீழே தரையில் சிறு உருண்டைகள் சிந்திக் கிடக்கின்றனவா என்று குனிந்து நோக்குவோர் சிலரே. அவ்வுருண்டைகள், மரத்தைக் குடைந்து தின்னும் புழு வெளியே தள்ளிய கழிவாகும். சிவப்புத் துளைப்பான் உள்ளே குடியேறிவிட்டது என்பதற்கு அவையே சான்று.

இது புதிய பகையன்று. இலங்கையில் காப்பித் தோட்டம் நடத்திய நீட்னர் என்பார் 1861-ஆம் ஆண்டிலேயே இவ்வந்துப்பூச்சியை விவரித்து, காப்பியின் பெயரையே இதற்குச் சூட்டினார். தேயிலை, கோக்கோ, தேக்கு, சந்தனம் ஆகியவற்றையும் இது விட்டுவைப்பதில்லை.

வெண்சிறகுகளில் கருநீலப் புள்ளிகள் கொண்ட தாய்ப்பூச்சி நூற்றுக்கணக்கான முட்டைகளை இடுகிறது. பொரிந்த புழுக்கள் மெல்லிய இழை விட்டுக் காற்றில் மிதந்து அயற்செடிகளுக்குப் பரவுகின்றன. பின்னர் இளங்கிளையைத் துளைத்துப் புகுந்து, மாதக்கணக்கில் அதனுள்ளேயே வளர்கின்றன. கூட்டுப்புழுப் பருவமும் அங்கேயே கழிகிறது. பூச்சி வெளிப்பட்டதும், அதன் வெற்றுத்தோல் துளைவாயில் நீட்டிக்கொண்டு நிற்கும். சிறகு பெற்றபின் அது உணவு கொள்வதில்லை. ஆதலின் கேடு முழுவதும் நம் கண்ணுக்குத் தெரியாத புழுப் பருவத்திலேயே நிகழ்கிறது.

மரத்தினுள் மறைந்திருக்கும் புழுவை மேலே தெளிக்கும் மருந்து எளிதில் எட்டாது. துளை முடியும் இடத்திற்கும் கீழே, நல்ல மரம் தெரியும்வரை கிளையை வெட்டி, உடனே எரிப்பதே உறுதியான வழி. வெட்டியதைத் தோட்டத்திலேயே போட்டுவைத்தால் உள்ளிருக்கும் புழு பிழைத்துக்கொள்ளக் கூடும். வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வேறு இனம், அது வண்டு. அதன் கழிவு துளைக்குள்ளேயே அடைந்து கிடக்குமாதலால் தரையில் உருண்டைகள் காணப்படா. இவ்வேறுபாட்டை அங்கத்தினர் அனைவரும் அறிந்திருத்தல் நலம்.

எனினும் ஒருவர் மட்டும் வெட்டி எரித்தால் போதுமா? காற்றில் வரும் இழைக்கும் இரவில் பறக்கும் சிறகுக்கும் வேலி ஏது? அயலார் தோட்டத்தில் விடப்பட்ட ஒரு கிளை, நமது உழைப்பை வீணாக்கிவிடும். ஆகவே ஒவ்வொரு சங்கமும் ஒரு வாரத்தைக் குறித்து, அவ்வாரத்தில் எல்லாத் தோட்டங்களிலும் கிளை களையும் பணியை நடத்த வேண்டும் என்பது எமது கருத்து.

கூலிக்கு எங்கே போவது என்று சிறு விவசாயிகள் கேட்பது நியாயமே. ஆனால் இளஞ்செடியின் நடுத்தண்டிலேயே புழு புகுந்தால், கிளையன்று, செடியே போய்விடும். கைம்மாற்றாக ஒருவர் தோட்டத்தில் மற்றவர் உழைத்தால் கூலிச்செலவும் குறையும். கூட்டுறவு என்பது கடனுக்கும் விற்பனைக்கும் மட்டும் உரியதன்று. பயிர்க்காவலுக்கும் அதுவே துணை.