எஸ்.எம்.எஸ்.ஸில் வந்த ஆபரேஷன்!

2008-ம் வருடம். ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டில் உள்நாட்டுப் போர். ருட்ஷுரு என்ற ஊரின் மருத்துவமனையில் 16 வயதுப் பையன் ஒருவன். ஏற்கெனவே வெட்டியெடுத்த இடது கையின் மிச்சப் பகுதி அழுகிக்கொண்டிருந்தது. தோள்பட்டை எலும்போடு சேர்த்து அகற்றினால்தான் பிழைப்பான்.

'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்புக்காக அங்கே போயிருந்த லண்டன் சர்ஜன் டேவிட் நாட், அந்த ஆபரேஷனை அதுவரை செய்ததே இல்லை. கையிருப்பில் இருந்ததோ ஒரே ஒரு யூனிட் ரத்தம். லண்டனில் இருந்த பேராசிரியர் மெய்ரியன் தாமஸுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினார். எங்கே ஆரம்பிப்பது, அடுத்து என்ன செய்வது என்று வரிசைப்படி பதில் வந்தது. அதன்படியே செய்தார். பையன் பிழைத்துக்கொண்டான்!

எட்டு வருடம் கழித்து, 2016-ல், சிரியாவில் போர். அலெப்போ நகரில் தாடை சிதைந்த ஒருவருக்கு ஆபரேஷன். செல்ஃபி ஸ்டிக்கில் மாட்டிய கேமரா வழியே, லண்டனில் இருந்தபடி ஸ்கைப்பில் வழிகாட்டியவர் யார் தெரியுமா? அதே டேவிட் நாட்!

இப்போது ஸ்மார்ட் கண்ணாடிகளே வந்துவிட்டன. மெஷினை ரிப்பேர் செய்பவர் பார்ப்பதைத் தொலைவில் இருக்கும் நிபுணரும் பார்க்கலாம். 'இந்த ஸ்க்ரூவைக் கழற்று' என்று அவர் கண்முன்னே அம்புக்குறி போட்டும் காட்டலாம். வசதிதான். ஆனால், நடுவில் சிக்னல் போய்விட்டால்?

அங்கேதான் அந்தப் பழைய எஸ்.எம்.எஸ். ஜெயிக்கிறது. முழு வேலையும் வரிசையாக முன்கூட்டியே கைக்கு வந்துவிட்டது. தவிர, அதைப் படித்தவர் கை, பல வருடம் கத்தி பிடித்த கை. வழி சொல்வதைத்தான் தொலைவிலிருந்து செய்ய முடியும். பழக்கத்தை அனுப்ப முடியாது.

ஊரில் இருக்கும் அப்பாவுக்கு வீடியோ காலில் வைஃபை சரிசெய்யச் சொல்லித்தருகிறீர்களா? முதலில் எல்லா ஸ்டெப்பையும் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுங்கள். பின்பக்க கேமராவைப் போடச் சொல்லுங்கள். 'அது, இது' என்காமல் நிறத்தையும் இடத்தையும் சொல்லுங்கள். ஒரு ஸ்டெப் முடிந்ததைப் பார்த்த பிறகே அடுத்ததுக்குப் போங்கள்.

கரன்ட், கேஸ் சமாசாரம் என்றால் மட்டும் போனில் வேண்டாம். அந்த வேலை தெரிந்தவரை நேரில் வரவழையுங்கள்.