கூடைப்பந்தும் கடல் கடந்த ஆசானும்

இரண்டாமாண்டு இளமறிவியல் (இயற்பியல்) மாணவன், முத்தாண்டிக்குப்பம்

நம் நாட்டு ஆடவர் கூடைப்பந்து அணிக்கு ஓர் ஆசான் வேண்டும் என்று 2019ஆம் ஆண்டில் தேடியபோது, அந்த ஆசான் கிடைத்த இடம் செர்பியா. பெயர் வெசலின் மாடிச். வெளிநாட்டவரை ஏன் அழைக்க வேண்டும் என்று முகம் சுளிப்போர் உண்டு. நான் அந்தக் கட்சியைச் சேர்ந்தவன் அல்லன். கல்வி எங்கிருந்து வந்தாலும் கைகூப்பி வரவேற்பதே தமிழர் பண்பு. என் கேள்வி வேறு. வந்தவரிடம் நாம் எதைக் கற்றுக்கொண்டோம்?

மாடிச் சாதாரணமானவர் அல்லர். 2009இல் சீனாவின் தியான்ஜின் நகரில் ஆசிய வாகையர் போட்டி நடந்தது. அதன் இறுதி ஆட்டத்தில், சீனாவை அதன் சொந்த மண்ணிலேயே 70–52 என்று வீழ்த்தியது ஈரான். அந்த ஈரான் அணியின் பயிற்சியாளர் இவர்தான். இவருக்கு முன் 2007இல் ஈரானுக்கு முதல் ஆசியப் பட்டத்தை வென்று தந்த ராய்கோ டொரோமானும் செர்பியரே.

அதே மாடிச்சின் பயிற்சியில், 2022இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் நம் அணி ஆடியது. நியூசிலாந்து, பிலிப்பைன்ஸ், லெபனான் ஆகிய மூன்று அணிகளிடமும் தோற்றுத் திரும்பியது. ஆசான் ஒருவர்தான்; விளைவு மட்டும் இரண்டு! அப்படியானால் குறை எங்கே? நண்பர்களே, சற்றே எண்ணிப் பாருங்கள். தேசிய அணிக்கு வரும் பயிற்சியாளர் கையில் கிடைப்பவர்கள் பன்னிரண்டு வாலிபர்கள். அவர்களுக்குப் பந்தைப் பிடிக்கவும் காலை நகர்த்தவும் பத்து, பன்னிரண்டு வயதில் கற்றுத் தந்தவர் வேறொருவர். அந்த அடித்தளம் பலமாக இருந்தால் மேலே வருபவர் மாடி கட்டலாம். இல்லையெனில் அவர் அஸ்திவாரத்தையே தோண்ட வேண்டியதுதான்!

வந்தவர்களால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2017இல் பெங்களூரில், சோரன் விசிச் என்ற மற்றொரு செர்பியரின் பயிற்சியில் நம் மகளிர் அணி கஜகஸ்தானை 75–73 என்று வென்று, ஆசியாவின் முதல் பிரிவுக்கு உயர்ந்தது. ஆனால் ஒருவர் வந்து வெற்றி தருவதும், அந்த வித்தை இந்த மண்ணில் வேர் பிடிப்பதும் ஒன்றல்லவே!

செர்பியாவின் மக்கள்தொகை 2022 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 66 இலட்சம். நம் தமிழ்நாட்டில் 2011லேயே 7 கோடியைத் தாண்டிவிட்டோம். இத்தனை சிறிய நாடு உலகுக்கெல்லாம் ஆசான்களை அனுப்புவது எப்படி? அங்கே பயிற்சி அளிப்பது ஒரு கல்வித்துறை, பொழுதுபோக்கு அன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெல்கிரேடில் அந்தத் துறையை வளர்த்தவர்களுள் தலையாயவர் அலெக்சாண்டர் நிகோலிச். அவரைப் 'பேராசிரியர்' என்றே அழைத்தார்கள். அவருடைய யூகோஸ்லாவிய அணி 1978இல் உலகப் பட்டம் வென்றது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில், ரங்கோ ஜெராவிட்சாவின் பயிற்சியில் அதே நாடு தங்கம் வென்றது. அந்த ஒலிம்பிக்கில் இந்தியாவும் ஆடி, பன்னிரண்டாம் இடமாகிய கடைசி இடத்தைப் பெற்றது. அதன்பின் ஒலிம்பிக் கூடைப்பந்துக் களத்தை நம் அணி மிதிக்கவே இல்லை. யூகோஸ்லாவியா சிதறிய பிறகும் அந்தக் கல்வி சிதறவில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் செர்பியா வெண்கலம் வென்றது அதற்குச் சான்று.

இங்கே நிலை என்ன? நான் படித்த பள்ளியில் பி.டி. பீரியட் வந்தால் கணக்கு ஆசிரியர் அதை வாங்கிக்கொள்வார். கூடை இல்லாத வளையம் ஒன்று கம்பத்தில் தொங்கும். துணி காயப் போட அது உதவியது! எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். முந்திரித் தோப்பில் உழைத்து என்னைப் படிக்க வைக்கும் அப்பாவிடம், "பயிற்சியாளராகப் போகிறேன்" என்று சொன்னால், "அதுவும் ஒரு உத்தியோகமா?" என்றுதான் கேட்பார். அவரைக் குறை சொல்ல முடியுமா? அந்த உத்தியோகத்துக்கு நாம் மதிப்பும் தரவில்லை, மாதச் சம்பளமும் காட்டவில்லையே!

வழி இல்லாமல் இல்லை. சென்னையில் 1920இலேயே உடற்கல்விக் கல்லூரி தொடங்கினார் ஹாரி குரோ பக். பாட்டியாலாவில் 1961 முதல் தேசிய விளையாட்டு நிறுவனம் பயிற்சியாளர்களை உருவாக்குகிறது. பந்து வளையத்தை நோக்கிப் போகும் பாதையை நாங்கள் இயற்பியல் வகுப்பில் வளைகோடாக வரைகிறோம். அறிவியல் கற்ற கிராமத்து இளைஞன் இத்துறைக்குப் போகக் கூடாது என்று எந்தச் சட்டம் சொல்கிறது?

எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியால் எழுந்து 1962இல் மின்சாரம் தந்தது. சுரங்கத்தில் மண்ணை வாரும் இராட்சத இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. வந்த நிபுணர்கள் திரும்பிப் போனார்கள். வித்தை இங்கே தங்கிவிட்டது. இன்று அந்த இயந்திரங்களை இயக்குபவர்கள் நம் மக்கள். சுரங்கத்தில் முடிந்தது ஆடுகளத்தில் முடியாதா?

ஆகவே என் கருத்து இது. வெளிநாட்டு ஆசான் வரட்டும். ஆனால் அவர் தங்கும் காலம் முழுவதும் மாநிலத்துக்கு இருவராக இளம் பயிற்சியாளர்கள் அவர் அருகில் அமர்ந்து பாடம் கேட்க வேண்டும். அவர்கள் திரும்பி வந்து மாவட்டந்தோறும் பள்ளி உடற்கல்வி ஆசிரியர்களுக்குச் சொல்லித் தர வேண்டும். பி.டி. பீரியட்டைப் பிற பாடங்கள் விழுங்கக் கூடாது. நம் கல்லூரியும் ஆண்டுக்கு ஒரு மாணவரையேனும் பயிற்சியாளர் படிப்புக்கு ஊக்கி அனுப்ப வேண்டும். பேராசிரியப் பெருமக்கள் இதற்கு வழிகாட்ட வேண்டுகிறேன். அப்படி அனுப்பும் நாளில், முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்!