காப்புரிமை முடிந்தும் எட்டாத மருந்து

நீரிழிவும் உயர் குருதி அமுக்கமும் இன்று வசதி படைத்தோரின் நோய்கள் மட்டுமல்ல. உடப்புசல்லாவைத் தோட்டங்களில் கொழுந்து பறித்து ஓய்ந்த முதியோரும், நகரில் சிறுகடை நடத்தும் முஸ்லிம் சகோதரர்களும் ஆயுள் முழுவதும் மாத்திரைகளை நம்பி வாழ வேண்டியுள்ளது. அரச வைத்தியசாலையில் அவை இலவசம். ஆனால், கையிருப்புத் தீர்ந்து, வெளியில் வாங்குமாறு துண்டு எழுதப்படும்போதே சோதனை ஆரம்பமாகின்றது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் முழு நாடுமே இதனை அனுபவித்தது.

புதிய மருந்தைக் கண்டறிந்தவருக்கு 20 வருடக் காப்புரிமை உண்டு. இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் அதனையே கூறுகின்றது. அக்காலம் முடிந்ததும் ஏனைய நிறுவனங்களும் அம்மருந்தைத் தயாரிக்கலாம். போட்டியினால் விலை குறையும். கொலஸ்ட்ரோலுக்கான அட்டோவாஸ்டட்டின் மருந்தின் காப்புரிமை அமெரிக்காவில் 2011 இல் முடிந்தது. லொசார்டன், அம்லோடிபின் என்பனவும் அவ்வாறே. மெட்போமினோ 1950களிலிருந்தே பாவனையில் உள்ளது.

ஆனால், காப்புரிமை காலாவதியானாலும் வர்த்தகப் பெயர் காலாவதியாவதில்லை. பரசிட்டமோல் என்று கேட்போரை விட பனடோல் என்று கேட்போரே நம்மிடையே அதிகம். சிட்டையில் வர்த்தகப் பெயர் மாத்திரம் இருப்பின், அதே மருந்து மலிவாகக் கிடைப்பதை நோயாளி அறிய வழியில்லை.

இதனை முன்னுணர்ந்தவர் பேராசிரியர் சேனக பிபிலே. மருந்துகளை மூலப்பெயரில், மொத்தமாக, உலகளாவிய கேள்விப்பத்திரம் மூலம் கொள்வனவு செய்யும் அவரது கொள்கையின்படி 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. 2015 இல் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபைச் சட்டம் நிறைவேறியது. 2016 இல் 48 மருந்துகளுக்கு உச்ச விலை நிர்ணயிக்கப்பட்டது.

எனினும், விலை குறைந்தால் மட்டும் போதாது. 2023 இல் வெளிவந்த தரமற்ற இமியூனோகுளோபியூலின் விவகாரம் மக்களின் நம்பிக்கையைக் குலைத்தது. மலிவு மருந்தென்றால் தரக்குறைவு என்ற அச்சமே விலையுயர்ந்த பெயர்களுக்கு வாழ்வளிக்கின்றது. தரத்தை உறுதிசெய்வது அரசின் கடமையன்றி, நோயாளியின் பொறுப்பல்ல.

எனவே, சிட்டைகளில் மூலப்பெயர் தெளிவாக இடம்பெறுவது உறுதிசெய்யப்படல் வேண்டும். தரப் பரிசோதனை முடிவுகள் மூன்று மொழிகளிலும் மக்களைச் சென்றடைய வேண்டும். ஒசுசல சேவை பெருந்தோட்ட நகரங்கள் வரை விரிவுபெற வேண்டும். காப்புரிமை முடிந்த மருந்தின் பயன் மலையேறி வர இன்னும் எத்தனை காலம் காத்திருப்பது என்பதே நமது கேள்வியாகும்.