விமானியின் மயக்கம்

நெஞ்சுரமுள்ளவனுக்கு மயக்கம் வராது என்று எண்ணுவோர் இன்னும் உளர். போர் விமானிகளின் விஷயத்தில் இவ்வெண்ணம் உயிருக்கே உலை வைப்பது என்பது நமது துணிபு.

அதிவேகமாய்ச் செல்லும் விமானத்தைச் சடுதியில் திருப்புங்கால், உள்ளிருப்பவன் தன் எடையைப்போல் ஐந்து மடங்கு, சிலபோது ஒன்பது மடங்கு பாரத்தோடு ஆசனத்தில் அழுத்தப்படுகிறான். கையைத் தூக்குவதும் பெரும்பாடே. ஆயினும் ஆபத்து இரத்தத்திலேதான் இருக்கிறது. மூளை இருதயத்துக்கு ஏறக்குறைய ஓரடி மேலேயுள்ளது. அவ்வளவு உயரத்திற்கு இரத்தத்தை ஏற்றச் சாதாரணமாக 22 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் போதும். பாரம் ஐந்து மடங்கானால் 110 வேண்டும். இருதயம் அளிப்பதோ சுமார் 120. பௌதிகம் பயிலும் நம் மாணவர் இக்கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கலாம். முதலில் பார்வை மங்கும், பின்னர் இருளும், அதன்பின் நினைவு தவறும். இதில் வீரத்துக்கு இடமேது?

அம்மயக்கம் ஏறக்குறைய 12 விநாடி நீடிக்கும். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் விமானம் 3 கிலோமீட்டர் கடந்துவிடும். தெளிந்த பின்னரும் சிறிது நேரம் திகைப்பு நீங்காது. தாம் மயங்கியதே பலருக்கு நினைவிராது என்பது இன்னும் விந்தை. ஆகவே, 'எனக்கு அவ்வாறு நேர்ந்ததில்லை' என்று ஒருவர் மனமறிந்து பொய் சொல்லாமலே கூறக்கூடும்.

இதற்கு முதற்பரிகாரங் கண்டவருள் ஒருவர் டொராண்டோ சர்வகலாசாலையில் புற்றுநோய் ஆராய்ந்துவந்த வில்பர் பிராங்க்ஸ். சுழற்சி யந்திரத்தில் உடைந்துவந்த கண்ணாடிக் குழாய்கள், நீர் நிறைந்த பாத்திரத்துள் வைத்தபோது உடையாதிருந்தமை அவர் கருத்தை ஈர்த்தது. அதைக்கொண்டு கால்களையும் வயிற்றையும் நீரால் இறுக்கி, இரத்தம் கீழிறங்காது தடுக்கும் உடையொன்றைச் செய்து, 1940-ல் தாமே அணிந்து பறந்தார். நிற்பவனுக்கு அளவெடுத்த உடையாதலால், உட்கார்ந்தவரை அது வருத்தியெடுத்ததாம்! 1942 நவம்பரில் வட ஆப்பிரிக்கப் போரில் அது பயன்பட்டது. சிட்னியில் பிராங்க் காட்டன் என்பார் காற்றழுத்தத்தால் இயங்கும் உடையைச் சமைத்தார். இக்காலத்து உடைகளும் காற்றால் நிரம்புவனவே. ஆனால் உடை மட்டும் போதாது; தசைகளை இறுக்கி, மூச்சை அடக்கி விடும் பயிற்சியும் வேண்டும்.

இவையனைத்துந் தவறினால்? தரையில் மோதுந் தறுவாயில் தானே விமானத்தை நிமிர்த்தும் கருவியை அமெரிக்கர் 2014 முதல் எஃப்-16 விமானங்களில் அமைத்துவரலாயினர். விமானியின் கையினின்று அதிகாரத்தை யந்திரம் பறிப்பது அவனுக்கு இழிவன்றோ என்று வினவுவாருமுண்டு. நினைவிழந்த கையில் எந்த அதிகாரம் இருக்கிறது என்பதே நமது மறுவினா. 2016-ல் அரிசோனாவில் பயிற்சி விமானி ஒருவர் அவ்வாறு நினைவிழந்தார். விமானம் நிலத்தை நோக்கிப் பாய்ந்தது. வேறு விமானத்திலிருந்த ஆசிரியர் வானொலியில் கூவியதற்கு அவரிடமிருந்து மறுமொழி வரவில்லை. கருவி விமானத்தை நிமிர்த்திற்று. அவர் உயிரோடு இறங்கினார்.