வென்றவனின் முன்னே

புறநானூறு என்றதும் எம்மவர் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒக்கூர் மாசாத்தியாரின் 279ஆம் பாடலே. கணவனைப் போரிலே இழந்த பெண் ஒருத்தி, மீண்டும் பறையொலி கேட்டதும் தன் ஒரே மகனுக்குத் தலைவாரி, கையில் வேலைக் கொடுத்துக் களத்துக்கு அனுப்புகிறாள். 2009இல் முடிவுற்ற போரின் காலத்தில் இப்பாடலை மேடைகளில் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. அதை முழங்கியவர்கள் எல்லோரும் தம் பிள்ளைகளை அனுப்பியவர்கள் அல்லர் என்பதும் நாம் அறிந்ததே.

அதே தொகுப்பில் 65ஆம், 66ஆம் பாடல்களும் உள்ளன. மேடைகள் அவற்றை அதிகம் நாடுவதில்லை.

வெண்ணியிலே கரிகாலனுக்கும் சேரமான் பெருஞ்சேரலாதனுக்கும் போர் நடந்தது. கரிகாலன் வென்றான். எதிரியின் படைக்கலம் சேரனின் மார்பைத் துளைத்து முதுகிலும் புண்ணை உண்டாக்கியது. அவன் புறமுதுகு காட்டியவன் அல்லன். ஆயினும் முதுகில் புண்பட்டதற்கு நாணி, வாளோடு வடக்கிருந்து உயிர்துறக்க முற்பட்டான். கழாத்தலையார் அவனுக்காக இரங்கிப் பாடியதே 65ஆம் பாடல்.

அடுத்த பாடல் வெண்ணிக் குயத்தியாருடையது. அவர் அதனை வென்ற கரிகாலனை நோக்கியே பாடுகிறார். அவனது குலப்பெருமையையும் வெற்றியையும் குறைக்காமல் எடுத்துரைத்த பின்னர், வடக்கிருந்தவன் உன்னிலும் நல்லவன் அல்லனோ என்ற பொருள்படக் கேட்டுவிடுகிறார்.

உண்ணாதிருந்து உயிர்விடுவது போற்றிப் பின்பற்ற வேண்டிய வழி என்று நான் கூறவரவில்லை. என் கவனத்தை ஈர்ப்பது வேறொன்று. சேரன் தன் மானத்துக்கான விலையைத் தன் உயிரால் மட்டுமே கொடுக்க முன்வந்தான். பிறர் பிள்ளைகளிடம் கேட்கவில்லை. குயத்தியாரோ படைபலம் எதுவுமின்றி, வெற்றிக் களிப்பில் இருந்த வேந்தனிடம் தோற்றவனின் பெருமையைச் சொன்னார். மரணத்தின் முன்னே வீரம் என்று நாம் பேசும்போது இவ்விரண்டையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

வென்றவரைப் புகழ எப்பொழுதும் ஆட்கள் இருப்பார்கள். தோற்றவரின் மானத்தை வென்றவரிடமே எடுத்துச் சொல்வது எக்காலத்திலும் எழுதுபவருக்கு இலகுவான பணியாக இருந்ததில்லை. நீண்ட காலம் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் இதை நான் நன்கறிவேன். எழுத வேண்டியிருந்தும் எழுதாது விட்ட நாட்கள் எனக்கும் உண்டு. குயத்தியாரின் பாடலை மீண்டும் படிக்கையில் அந்நாட்களே நினைவுக்கு வருகின்றன.